மூன்று டம்ளரும் இன்பசேகரன் நாக்கும்

ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடும் ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை. ஷாப்பு என்பார்கள். அப்படி ஒரு ஷாப்பில் இன்பசேகரன் இருபத்தாறு வருடமாகச் செலக்டர். வடக்கு ஜன்னல் வெளிச்சம் விழுகிற நீள மேஜை முன்னால் நின்று, ஒவ்வொரு தோலாகப் புரட்டி, தடவி, மடித்துப் பார்த்து, அதன் முதுகில் சாக்பீஸால் ஒன்று முதல் ஆறு வரை தரம் போடுவது அவர் வேலை. ஆறுக்கும் கீழே போனால் ரிஜெக்ஷன். ஒரு தோலுக்கு நாலு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் போட்ட எண்ணை அழித்து வேறு எண் போட்டவர் இதுவரை யாரும் கிடையாது. ஒருமுறை முதலாளியின் மருமகன் அழிக்கப் போனார். இன்பசேகரன் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மருமகனே பின்னால் ஓடிவந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அவருக்குக் கட்டோடு பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. புதிதாக வருகிற பையன்கள் மூன்றாம் நாளே அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார், ஒரே மாதிரிதான் இருக்கு" என்பதுதான் அது.

"ஒண்ணா? எங்க, காட்டு? ஒரே ஆட்டோட ரெண்டு பக்கமே ஒண்ணா இருக்காது. ஒண்ணா இருக்குன்றவன் செலக்டர் இல்ல, சோம்பேறி" என்பார். அவர் மேஜைக்கு வந்த எந்தக் குவியலும் பிரியாமல் போனதில்லை. பத்துத் தோல் வந்தாலும் நாலு அடுக்கு, மூன்று தோல் வந்தாலும் மூன்று அடுக்கு.

இந்தப் பழக்கம் ஷாப்பு கேட்டோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் போதகர் ஐயரிடம் கைகுலுக்கிவிட்டு, பைக்கை உதைக்கும்போதே, "இன்னிக்குப் பிரசங்கம் தேர்டு" என்பார். இட்லிக்குத் தரம், தெருவுக்குத் தரம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகைக்குக்கூடத் தரம். அவர் மனைவி தேவகிருபை கல்யாணமான முதல் வருடம் குழம்புக்கு 'செகண்ட்' வாங்கியபோது, கரண்டியை அவர் தட்டிலேயே போட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் குழம்பு மட்டும் தரப் பட்டியலில் வருவதில்லை.

பீர் வரும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டில், மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மறைவில். தேவகிருபைக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். அதுவும் சில்வர் பெலிக்கன் மட்டும்தான். நம் ஊர்க் கடைகளில் போய் இந்த பிராண்டு கொடு என்று கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம், கொடுப்பதை வாங்கிக்கொண்டு நகர வேண்டும். இன்பசேகரன் நகர மாட்டார். ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்த கடை, அங்கும் இல்லையென்றால் ஆற்காடு வரைக்கும் பைக். அவரோடு மாடியில் உட்காருகிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் மூர்த்தி ஒருநாள் தெரியாமல் ரெட் ஹார்பர் வாங்கி வந்துவிட்டான். இன்பசேகரன் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை ரோஜாச் செடிக்கு ஊற்றினார்.

"ரெண்டும் ஒரே மஞ்சத் தண்ணிதானே ண்ணா" என்றான் மூர்த்தி, வயிறெரிய.

"பெலிக்கன்ல முடிவுல ஒரு சின்னக் கசப்பு வந்து நிக்கும். இதுல நிக்காம ஓடிப்பூடுது. உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருந்தா தெரியும்."

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஜெமி. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பாவின் மூக்கு, அப்பாவின் பிடிவாதம். ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவிடம் ஒரு பந்தயத்தில் தோற்று, சொன்ன சொல்லுக்காக ஒரு வருடம் முழுக்க மாம்பழத்தைக் கையால் தொடவில்லை. மே மாதம் தேவகிருபையே கெஞ்சினார். ம்ஹூம்.

அந்த ஜெமி, காவேரிப்பாக்கத்தில் அறிவியல் வாத்தியாராக இருக்கும் ஜெஸ்டன் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். ஒரே சபை, நல்ல குடும்பம், தேவகிருபைக்கு முழுச் சம்மதம். பையன் வீட்டுக்கு வந்தான். இன்பசேகரன் கையை நீட்டினார். பையனும் நீட்டினான். ஜெமி வர்ணித்த அப்பாவை நினைத்து வழியெல்லாம் வியர்த்த கை அது. நாலு நொடி.

பையன் தெரு முனை திரும்புவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "லூஸ் கிரெயின்."

மடித்துப் பார்த்தால் மேல்தோல் அடித்தோலோடு ஒட்டாமல் தனியாகச் சுருங்குகிற தோலுக்கு ஷாப்பில் அப்படிப் பெயர். பளபளவென்று இருக்கும், ஷூ தைத்தால் மூன்று மாதத்தில் பல்லிளிக்கும். அதை நாலாம் தரத்துக்கு மேல் யாரும் எடுக்க மாட்டார்கள்.

"கை குடுக்கறதுலேயே தெரிஞ்சிப்போச்சு. பிடிப்பே இல்ல. இவன் கஷ்டம் வந்தா நிக்க மாட்டான். வேணாம்."

"அப்பா, அவர் பயந்துட்டாருப்பா."

"இருபத்தாறு வருஷமா இந்தக் கை பொய் சொன்னதில்ல ஜெமி."

இரண்டு மாதம் வீட்டில் பேச்சுவார்த்தை உப்பு, தண்ணீர் அளவுக்குச் சுருங்கியது. ஜெமி அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டாள். அதுவே இன்பசேகரனுக்குச் சங்கடமாக இருந்தது. சண்டை போட்டால் எதிர்த்துப் பேசலாம், சும்மா இருப்பவளை என்ன செய்வது?

ஒரு சனிக்கிழமை மாடிக்குத் துணி எடுக்க வந்த ஜெமி, தொட்டி மறைவில் அப்பா மூர்த்திக்குக் கசப்பு பற்றிப் பாடம் எடுப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு துணிகளைத் தோளில் போட்டபடி முன்னால் வந்தாள்.

"அப்பா, பேரைப் பாக்காம உங்களால அதைக் கண்டுபிடிக்க முடியுமா?"

"கண்ணக் கட்டிட்டுக் குடு, சொல்றேன்."

"சரி. எங்க லேப்ல பேரைப் பாத்து யாருக்கும் ரிசல்ட் சொல்றதில்ல, நம்பர் மட்டும்தான். அதே மாதிரி வைப்போம். நீங்க சரியா சொல்லிட்டா உங்க கையும் நாக்கும் பொய் சொல்லாதுன்னு ஒத்துக்கறேன். ஜெஸ்டன்கிட்ட வேணாம்னு நானே சொல்லிடறேன், அப்புறம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். தப்பா சொன்னா, நீங்க சம்மதிக்கணும்."

மூர்த்தி குடிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு பெண்ணின் கல்யாணத்தை பீர் பாட்டில்மேல் வைப்பதா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அங்கே இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் பிடிவாதக்காரர்கள், மூன்றாமவன் மூர்த்தி. யாரும் கேட்கவில்லை.

"சரி" என்றார் இன்பசேகரன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் தேவகிருபை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனதும் சோதனை ஆரம்பமானது. நடுவராக வாஹித் பாஷா வந்திருந்தார். அதே ஷாப்பில் தோல் அளக்கும் மெஷின் செக்ஷனுக்குச் சூப்பர்வைசர், இன்பசேகரனுக்கு இருபது வருட தோஸ்த். ஐந்து வேளை தொழுகிறவர். விஷயம் இன்னதென்று தெரிந்ததும் முதலில் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"நான் தொட மாட்டேன், மோந்துகூடப் பாக்க மாட்டேன். சீட்டு வச்சிக்க ஒரு யோக்கியன் வேணும்னா சொல்லு, உக்கார்றேன்" என்றார். அதுதான் வேண்டியிருந்தது. அதைக் குடித்தே பார்க்காதவர் எந்தப் பக்கமும் சாய மாட்டார் என்று ஜெமி அவருக்கு நாற்காலி போட்டாள். அவர் அதை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏற்பாடு சுலபமானது. சமையலறையில் மூர்த்தி இரண்டு பிராண்டையும் மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றுவான். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் மற்றது. எதில் எது என்று சீட்டில் எழுதி மடித்து வாஹித் பாஷா சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவான். எதில் எது என்று தெரியாத ஜெமி தட்டை எடுத்து வந்து அப்பா முன்னால் வைப்பாள். வேறாக இருப்பது எது என்று அவர் சொல்ல வேண்டும். ஐந்து சுற்று. நாலு சரியாக இருந்தால் அப்பா ஜெயித்தார். இடையில் நாக்கைச் சுத்தம் செய்யப் பொரியும் தண்ணீரும்.

முதல் சுற்று. இன்பசேகரன் ஒவ்வொன்றாக வாயில் வைத்து, கண்ணை மூடி, விழுங்கி, நடு டம்ளரைத் தட்டினார். வாஹித் பாஷா சீட்டைப் பிரித்தார். சரி.

"பாத்தியா?" என்றார் இன்பசேகரன். ஜெமி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது, தப்பு. "பொரி உப்பா இருக்கு" என்றார். உப்பில்லாத பொரி வந்தது. மூன்றாவது, சரி. நாலாவது சுற்றில் மூன்று டம்ளரையும் இரண்டு முறை குடித்தார், பொரி தின்றார், மறுபடி குடித்தார், கடைசியில் வலது பக்க டம்ளரைக் காட்டினார். வாஹித் பாஷா சீட்டைப் பிரித்து, நண்பன் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தப்பு இன்பா."

இரண்டு தப்பு. ஐந்தாவது சரியாக இருந்தாலும் நாலு வராது. தோற்றாகிவிட்டது.

இன்பசேகரன் எழுந்து நின்றார். காது சிவந்திருந்தது. அதற்கு பீர் மட்டும் காரணமில்லை.

"இது செலக்ஷனே இல்ல. எது வேறன்னு தேடச் சொன்னா எப்பிடி? அது போலீஸ்காரன் வேலை. என் வேலை தரம் போடறது. மூணு டம்ளர் குடு, ஒவ்வொண்ணும் எது, இன்னா தரம்னு சொல்றேன். அதுல தப்புன்னா நான் வாயே தொறக்கல."

வாஹித் பாஷாவுக்கே பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, ஆட்டம் முடிஞ்சப்புறம் கோல் போஸ்ட்ட நகத்தறியே?"

ஆனால் ஜெமி அப்பாவைப் பார்த்தாள். அழித்த எண்ணைப் பார்ப்பது போல அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒத்துக்கொள்ள வைத்தால் அது சம்மதமாக இருக்காது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"சரிப்பா. நடந்தது எல்லாத்தையும் அழிச்சிடறேன். இந்த ஒரு தட்டுதான். இதுல எல்லாம் சரின்னா, நீங்க ஜெயிச்சீங்க. சொன்ன மாதிரி அவரை விட்டுடறேன்." நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தே போட்டாள்.

உள்ளே மூர்த்திக்கு ஒரு சிக்கல். ரெட் ஹார்பர் பாட்டிலில் சொட்டுக்கூட இல்லை. சுற்றுக்குச் சுற்று மிச்சமானதை வீணாக்கக் கூடாது என்று அவன்தான் பொறுப்பாகக் குடித்துவிட்டிருந்தான். பெலிக்கன் மட்டும் இருந்தது. வெளியே போய்ச் சொன்னால் இரண்டு பிடிவாதமும் சேர்ந்து தன்மேல் பாயும். தரம் போடத்தானே கேட்கிறார், எத்தனை பிராண்டு என்று யாரும் சொல்லவில்லையே என்று மூன்றிலும் அதையே ஊற்றினான். சீட்டில் நேர்மையாக எழுதினான், மடித்தான், கொடுத்தான்.

இன்பசேகரன் முதல் டம்ளரை எடுத்தார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. மறுபடி முதலாவது.

மூன்றும் ஒன்றுதான்.

அப்படித்தான் அவர் நாக்கு சொன்னது. சந்தேகமே இல்லாமல், பளிச்சென்று சொன்னது. மூன்றிலும் அதே சின்னக் கசப்பு முடிவில் வந்து நின்றது. இன்பசேகரன் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, இருபத்தாறு வருடம் பையன்களைத் திட்டிய அதே வேகத்தில் தன் நாக்கைத் திட்டினார். ஒண்ணா? மூன்று வந்தால் மூன்று அடுக்கு. எல்லாம் ஒன்று என்று சொல்லவா இத்தனை பேரை உட்கார வைத்தோம்? சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். சனிக்கிழமையும் அது அங்கேதான் இருக்கும்.

முதல் டம்ளரில் ஒன்று என்று போட்டார். "பெலிக்கன். ஃபிரெஷ் சரக்கு. முழுசா இருக்கு." இரண்டாவதில் மூன்று. "ஹார்பர். கசப்பு நிக்கல, ஓடிப்பூடுது." மூன்றாவதில் நாலு போட்டு அடிக்கோடும் இட்டார். "இதுவும் ஹார்பர்தான், ஆனா பழைய லாட்டு. வெயில்ல வச்சிருக்கான். லேசா அட்டை வாசம் வருது."

வாஹித் பாஷா சீட்டைப் பிரித்தார். படித்தார். மூக்கிலிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"மூணும் பெலிக்கன்" என்றார். "ஒரே பாட்டில்னு வேற எழுதியிருக்கான்."

பிறகு வாஹித் பாஷாவின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சமையலறையில் மூர்த்தி பாத்திரத்தோடு பாத்திரமாகச் சிரித்தான். ஜெமி சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கிய பிறகுதான் அவள் அழுவது தெரிந்தது. இரண்டு மாதம் சேர்த்து வைத்திருந்த அழுகை.

அந்த நேரம் பார்த்துத் தேவகிருபை பைபிளும் கையுமாகக் கதவைத் திறந்தார். பீர் வாசம், அழுகிற மகள், சிரிக்கிற பாஷா, தன் கல்யாணத்துக்கு வந்த, தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்கள், அவற்றின்மேல் சாக்பீஸ் எண்கள். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதையெல்லாம் யார் கழுவறது?" என்றார்.

"நானே கழுவறேன்" என்றார் இன்பசேகரன். கழுவினார். கழுவி முடித்து, ஈரக் கையோடு வந்து, "அந்தப் பையன் வீட்ல வரச் சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை விஷயம் ஷாப்பு முழுக்கப் பரவியிருந்தது. வாஹித் பாஷா நல்லவர்தான், ஆனால் வாயில் எதுவும் தங்காது. இன்பசேகரன் எந்தத் தோலைப் புரட்டினாலும் பின்னாலிருந்து ஒரு குரல், "சார், அது பழைய லாட்டா?" ஸ்ப்ரே மெஷினில் நிற்கும் தபரேஸ் அட்டைப் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சினான். இன்பசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. நாக்கு சரியாகத்தான் சொன்னது. மூன்றும் ஒன்று என்று பளிச்சென்று சொன்னது. கெடுத்தது வாய். இதை மட்டும் எல்லாரிடமும் சொல்லிவிட்டால் போதும், இழந்த மானத்தில் பாதி திரும்பிவிடும். சாயங்காலம் வாஹித் பாஷாவிடம் சொல்லலாம் என்று நினைத்தார். அதற்கு முன்னால் வீட்டில் சொல்லலாம் என்று தோன்றியது.

நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க ஜெமியை வேலூருக்கு பைக்கில் அழைத்துப் போகும்போது பேச்சை ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அன்னிக்கு மூணும் ஒண்ணுன்னு நான் சொல்லியிருந்தா?"

பாலாற்றுப் பாலத்தின் மேல் காற்று பலமாக இருந்தது.

"விட்டிருப்பேன்ப்பா. அன்னிக்கு ராத்திரியே அவருக்கு ஃபோன் பண்ணியிருப்பேன்."

"நெசமாவா?"

"சொன்னா சொன்னதுதானே. ஒத்துக்கிட்டு அப்புறம் மாத்தினா நான் உங்க பொண்ணா?" அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீங்க அந்தக் கடைசி டம்ளர வச்சிட்டு, திரும்ப முதல் டம்ளர எடுத்தீங்க பாருங்க, அப்ப மூச்சு நின்னுடுச்சுப்பா. ஒவ்வொரு தட்டுக்கும் ஜெபம் பண்ணிட்டேதான் எடுத்துட்டு வந்தேன். நீங்க தோக்கணும்னு. மன்னிச்சிடுங்க."

இன்பசேகரன் பைக்கை ஓரம் கட்டினார். என்னப்பா என்றாள். கண்ணில் தூசு என்றார். அவர் சரியாகச் சொல்லியிருந்தால் இந்தத் தோளை இந்தக் கை இப்படிப் பிடித்திருக்காது. இப்போது சொன்னாலும்தான் என்ன? இவள் மாம்பழத்தையே ஒரு வருடம் தொடாதவள். அப்பா ஜெயித்துத்தான் இருந்தார் என்று தெரிந்தால், கணக்குப் பார்க்காமல் இருப்பாளா?

"சும்மா கேட்டேன். எனக்கென்ன தெரியும், மூணும் வேற வேற மாதிரிதான் இருந்திச்சு" என்று வண்டியை எடுத்தார்.

நிச்சயதார்த்தம் நல்லபடி நடந்தது. பந்தியில் வாஹித் பாஷா எதிர் வரிசையில் உட்கார்ந்து, சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி டம்ளர் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். கதையில் அட்டை வாசம் வந்தபோது பந்தியே சிரிப்பில் அதிர்ந்தது. ஜெஸ்டன் மட்டும் மாமனார் முன்னால் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

"நெஜமாச் சொல்லு இன்பா, துளிகூடவா தெரியல? ஒரே பாட்டிலு, ஒரே சரக்கு! இவ்ளோ வருஷமா இந்த நாக்க வச்சிக்கிட்டு எங்களையெல்லாம் பேஜார் பண்ணியே!"

இன்பசேகரன் வாயைத் திறந்தார். எதிரே ஜெமி, மாம்பழ நிறப் புடவையில், அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"துளிகூடத் தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு, மருமகன் இலைக்கு இன்னொரு துண்டு கறி வைக்கச் சொன்னார்.